புகைக்கு முன்னால் விட்ட பூச்சிகள்

என் அண்ணி குணவதி போன மாதம் காலமானார். தோட்டக் கம்பெனியின் இரங்கல் செய்தி அவரைப் 'பொதுத் தொழிலாளி' என்றது. அதில் பொய் இல்லை. மலேசியாவில் பீடோங்கை அடுத்த அந்தப் பாமாயில் செம்பனைத் தோட்டத்தில் எந்த வேலைக்கு ஆள் இல்லையோ, அது அண்ணியின் வேலை.

கடைசி ஐந்து வருடம் அவர் பூச்சி வளர்த்தார். செம்பனை ஓலையை அரிக்கும் பைப்புழுவின் உடம்பில் மூக்கைக் குத்தி உறிஞ்சிவிடும் பூச்சி. பட்டினி கிடந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். "ஆபீஸ்காரங்க மாதிரிதான். வேளாவேளைக்குத் தீனி போட்டா சண்டை இல்ல" என்பார். தீனிக்கென்று தவிட்டில் வேறு புழு வளர்த்து, ஒருமுறை மூன்று மாதத்தில் ஆயிரம் பூச்சிகளைத் தேற்றினார். பன்னிரண்டாம் பிளாக்கில் ஓலைகள் வெறும் ஈர்க்காகிக்கொண்டிருந்தன. பூச்சிகள் உடனே போயாக வேண்டும்.

போகவில்லை. அலோர் ஸ்டாரிலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர் வந்து, விழாவில் பூச்சிப் பெட்டியைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. டத்தோ இரண்டு முறை தேதியை மாற்றினார். புழுக்களுக்கு அது தெரிவிக்கப்படவில்லை.

விழாவுக்கு முதல் நாள் காலை, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் புவனேசன் வந்தார்.

"அக்கா, சாயங்காலம் புகை அடிக்கிறாங்க. டத்தோவ கொசு கடிச்சிரக் கூடாதாம்."

"எங்க அடிக்கிறாங்க?"

"கூடாரம், பூச்சிக் கொட்டகை, எல்லாம்தான்."

"பூச்சி செத்துருமே தம்பி!"

"பெட்டி இருக்கும்லக்கா. மேல சொல்லிட்டாங்க, நான் என்னா செய்ய லா?"

"அப்ப பெட்டி உங்களுக்கு. பூச்சி எனக்கு."

மத்தியானத்துக்குள் அண்ணி கூண்டுகளை மோட்டார் சைக்கிளில் கட்டி, பன்னிரண்டாம் பிளாக்குக்கு நான்கு நடை போய், ஓலை ஓலையாகப் பூச்சிகளை விட்டுவிட்டார்.

மறுநாள் டத்தோ ரிப்பனை வெட்டிப் பெட்டியைத் திறந்தார். குனிந்து பார்த்தார். கையை விட்டும் பார்த்தார். மேனேஜரின் முகம் வெளுத்தது.

"ரொம்ப வேகமான பூச்சி, டத்தோ" என்றார் அண்ணி, மலாயில்.

டத்தோ வானத்தைப் பார்த்துக் கைதட்டினார். கூடாரமே எழுந்து நின்று வானத்தைப் பார்த்துக் கைதட்டியது.

அனுமதியில்லாமல் பூச்சி விட்டதற்காக அண்ணிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சில மாதங்களில் பன்னிரண்டாம் பிளாக்கில் புது ஓலைகள் முழுசாக விரிந்தன. புழுவுக்கு எதிராகப் புகை நல்ல பலன் தந்திருப்பதாகத் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போயிற்று. புவனேசன் அதன் நகலைக் கொண்டுவந்து காட்டிக் கொதித்தார்.

"உங்க பேரே இல்லக்கா!"

அண்ணி தவிட்டைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "மரம் பச்சையா இருக்கா இல்லையா தம்பி?"