பதினோரு காதுகள்

நகராட்சி நாய்க் கூடத்தில் வேலை பார்க்கிற ஆளுக்கு ஊருக்குள் நிம்மதியாக நடக்க வழி கிடையாது. அவருடைய வாசனை அவருக்கு முன்னால் போய்விடும். சோப்புப் போட்டு எத்தனை தடவை தேய்த்தாலும் மருந்து நெடியும் கூண்டு நாற்றமும் நகக்கண்ணில் உட்கார்ந்திருக்கும். மனிதர் மூக்குக்கு எட்டாது, நாய் மூக்குக்கு எட்டும். தெருமுனை திரும்பும்போதே முதல் நாய் குரல் கொடுக்கும். அது அடுத்த தெருவுக்குத் தாக்கல் சொல்லும். வீடு போய்ச் சேர்வதற்குள் ஊரே கூடித் திட்டி முடித்திருக்கும்.

கத்திரிக்கு முதல் பத்தொன்பது வருடம் இப்படித்தான் போனது. மச்சினன் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் அந்த வீட்டு நாய்கள் இரண்டும் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்ளும். அவர் கிளம்புகிறவரை வெளியே வராது. "மாமா, அடுத்த தடவை அக்காவை மட்டும் அனுப்பிடுங்க, நாய்க்குக் காய்ச்சல் வந்துடுது" என்று மச்சினன் சிரித்துக்கொண்டே சொன்னான். சிரித்துக்கொண்டு சொன்னதால் கோபப்படவும் முடியவில்லை. அதோடு அவர் போவதை நிறுத்திவிட்டார்.

கத்திரி என்பது மூன்று வருடத்துக்கு முன்னால் சட்டம் வந்தபோது ஒட்டிக்கொண்ட பெயர். ஊரில் நாயும் பூனையும் பெருத்துப்போச்சு என்று நகராட்சி போட்ட சட்டம் அது. வீட்டுக்கு இரண்டு பிராணிதான். இரண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் ஆகியிருக்க வேண்டும். அதற்கான சான்றிதழைக் காட்டினால் லைசென்ஸ். தெரு நாயைப் பிடித்து, ஆபரேஷன் செய்து, இடது காது நுனியை வெட்டி, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காது வெட்டிய நாயை அதற்கப்புறம் யாரும் தொடக் கூடாது. குட்டியும் கையுமாக அகப்படுகிறவை, நோய் பிடித்தவை, இவற்றுக்கெல்லாம் ஏழு நாள் கூண்டு. லைசென்ஸோடு யாரும் வந்து கேட்காவிட்டால் எட்டாம் நாள் காலை ஊசி.

சட்டத்தைக் குறை சொல்ல அவருக்கு வாய் வராது. முன்பெல்லாம் வாரத்துக்கு நூறு ஊசி போட்ட கூடம் அது. எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்த கைக்குத்தான் தெரியும். நூறு முப்பதாகக் குறைந்தது. நாயின் கால்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ஆளிடம் கத்திரிக்கோலைக் கொடுத்து, காதை மட்டும் வெட்டு என்றார்கள். இருபத்திரண்டு வருட வேலையில் அவருக்குக் கிடைத்த பதவி உயர்வு அதுதான்.

அதற்கப்புறம்தான் அந்த அதிசயம் நடந்தது. காது வெட்டிய நாய்கள் அவரைப் பார்த்துக் குரைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தின. வண்டி வந்து நிற்கும், தங்களை விட்டுவிட்டு வேறு நாயைத் துரத்தும், போய்விடும் என்று அவற்றுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. முதலில் ஓடாமல் படுத்துக் கிடந்தன. அப்புறம் பக்கத்தில் வந்து கால்சட்டையை மோந்து பார்த்தன. ஒரு நாள் வேலை முடிந்து வருகிற வழியில் ஒரு கறுப்பு நாய் வீட்டு வாசல்வரை கூடவே வந்தது. அன்றைக்குக் கத்திரி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படி ஏறினார். "என்ன, சம்பளம் கூட்டிட்டாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

செவலை வந்ததும் இந்தச் சட்டத்தால்தான். மூன்று நாய் வைத்திருந்த வீடுகளெல்லாம் மூன்றாவதைத் தெருவில் அவிழ்த்துவிட்டன. அப்படி விட்டதில் ஒன்று செவலை, செம்பழுப்புப் பெட்டை நாய். பட்டை கட்டியிருந்த கழுத்தைச் சுற்றி முடி தேய்ந்து வட்டமாக இருக்கும். 'உட்காரு' என்றால் உட்காரும். அந்த ஒரு சொல்லைத்தான் யாரோ அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பசியில் யாரிடமும் வந்து நிற்காது, தானாகவே உட்கார்ந்து காட்டும், சொல்லாமலே. கத்திரியின் மனைவி அதற்குப் பாலில் ரொட்டி நனைத்துப் போட ஆரம்பித்தாள்.

பிள்ளை இல்லாத வீடு அது. "நம்மளே வச்சுக்கலாங்க. ரெண்டு வரைக்கும் சட்டத்துல இடம் இருக்குல்ல?" என்றாள்.

"கூடத்துல நாய், வண்டியில நாய், வீட்டுலயும் நாயா? என்னை மனுசனா விடமாட்டியா நீ?" என்றார் கத்திரி. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அன்று சரி என்று தலையாட்டியிருந்தால் செவலை முறையாக ஆபரேஷன் ஆகி, சான்றிதழும் லைசென்ஸுமாக மாடியில் படுத்திருக்கும். இதை அவர் பின்னால் எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிக்கொண்டார்.

முதலில் ஆபரேஷன், கடைசியில் காது என்பதுதான் விதி. வரிசையை மாற்றியவர் கத்திரி. ஒரே டாக்டர், ஒரு நாளைக்கு முப்பது நாய். தையல் போட்டு முடிப்பதற்குள் மயக்கம் தெளிய ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் காதில் கை வைத்தால் கடிதான். இரண்டு விரலில் பல் பட்ட பிறகு அவர் ஒரு யோசனை செய்தார். மயக்க ஊசி போட்ட கையோடு முப்பது காதையும் வரிசையாக வெட்டிவிடுவது, பிறகு ஒவ்வொன்றாக, தெளிந்ததற்கு மறு ஊசி போட்டு, மேஜைக்குத் தூக்குவது. டாக்டரும் வேலை சீக்கிரம் முடிகிறதே என்று ஒத்துக்கொண்டார். ஒரு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அன்று பெட்டை நாய்களின் முறை. பத்தொன்பதாவது நாய்க்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. கைவிளக்கு வெளிச்சத்தில் அந்தத் தையலை முடித்துவிட்டு டாக்டர் கையுறையைக் கழற்றினார். "மிச்சத்தை வச்சிரு, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கே வைக்க? மறுநாளைக்கான ஆண் நாய்கள் ஏற்கனவே கூண்டை நிறைத்துக்கொண்டு நின்றன. மிச்சம் பதினொன்று. வயிற்றில் கத்தி படவில்லை, காது மட்டும் போயிருந்தது. சாயங்காலம் கத்திரி முப்பதையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பிடித்த இடங்களிலேயே இறக்கிவிட்டார். நாலு நாளில் மறுபடி பிடித்தால் ஆச்சு என்று நினைத்தார். பதிவேட்டில் முப்பது என்று எழுதினார். டாக்டர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

நாலு நாள் கழித்து வண்டியில் போனபோதுதான் அவருக்கு உறைத்தது. எந்தப் பதினொன்று? காது வெட்டிய நாயைப் பார்த்தால் கண் தானாகவே அதைத் தாண்டிப் போய்விடுகிறது. இத்தனை வருடப் பழக்கம். எல்லாக் காதும் ஒரே மாதிரி, அவர் கை வெட்டிய காது. யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அந்தப் பதினொன்றில் ஒன்று செவலை. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும், பிரச்சினை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார். நாலு மாதம் கழித்து மாடிப்படிக்கு அடியில், பழைய சாக்கின் மேல், செவலை ஏழு குட்டி போட்டது.

கீழ்வீட்டுத் தையல்காரர் வாசலில் நின்று அதைக் குனிந்து பார்த்தார். "என்னண்ணே, ஊருக்கெல்லாம் குடும்பக் கட்டுப்பாடு, உங்க மாடிப்படிக்கு அடியில மட்டும் பிரசவ ஆஸ்பத்திரியா?"

"கத்தாதய்யா. யாருக்காவது கேட்டுறப் போகுது."

"கத்துறது நானா? ஏழு உருப்படி கத்துது. மிஷின் சத்தத்தையே தூக்கிச் சாப்பிடுது. இது காது வெட்டுன நாயாச்சே, எப்படிண்ணே? உங்க டாக்டர் வேற எதையாவது வெட்டிட்டாரா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு வாரம் பொறுத்தார். அப்புறம் துணி கொடுக்க வந்த ஒரு பெண் தாய் நாயின் உறுமலுக்குப் பயந்து திரும்பிப் போனாள், மறுநாள் இன்னொருத்தி. "பொழப்புண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் நகராட்சிக்குப் புகார் எழுதிப் போட்டார்.

கத்திரி டாக்டரிடம் ஓடினார். "சார், அந்தச் செவலைக்கு ஒரு சான்றிதழ் எழுதிக் குடுங்க. என் பேர்ல லைசென்ஸ் எடுத்துடறேன்."

"பால் குடுத்துட்டிருக்கற நாய்க்குக் கருத்தடை ஆச்சுன்னு எழுதவா? என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கறியா?"

"அப்ப ஆபரேஷனே பண்ணிடுங்க."

"குட்டி பால் மறக்க ரெண்டு மாசம் ஆகும். அதுக்கு முன்னால வயித்தைத் திறந்தா குட்டி செத்துப்போகும். நீ ரெண்டு மாசம் அவகாசம் கேட்டு வாங்கு. ஆனா என் பேரை இழுக்காதே."

அன்று மாலை மனைவி சாக்கின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண் திறக்காத ஒரு குட்டியை உள்ளங்கையில் வைத்திருந்தாள். கத்திரி நடந்ததையெல்லாம் அவளிடம் கொட்டினார். வரிசை மாற்றியது, கரண்ட் போனது, பதினொன்று, எல்லாம்.

"இதையே அந்த நகராட்சி அதிகாரியம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள் அவள். "தப்பு உங்களோடது, நாயோடது இல்லைன்னு சொல்லுங்க. அவங்களும் மனுசங்கதானே. மிஞ்சிப்போனா உங்களை ஒரு மாசம் வீட்டுல உட்கார வைப்பாங்க. உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்."

மனுவை அவள்தான் எழுதினாள். கத்திரியின் படிப்பு அவ்வளவு தூரம் வராது. அவர் கையெழுத்து மட்டும் போட்டார்.

அதிகாரியம்மா மனுவை இரண்டு தடவை படித்தார். சத்தம் போடவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"உண்மையைச் சொன்னதுக்கு உங்களை வேலையை விட்டு எடுக்க மாட்டேன்" என்றார். கத்திரிக்கு உயிர் வந்தது.

"பதினொண்ணுல மிச்சம் பத்து எதுன்னு தெரியுமா?"

"தெரியாதுங்க மேடம். பதிவேட்டுல பழுப்பு, கறுப்புன்னுதான் எழுதியிருக்கு."

"தழும்பு இருக்காதா?"

"சின்னத் தழும்புங்க. முடி முளைச்சா மூடிடும். திறந்து பார்த்தாத்தான் தெரியும்னு டாக்டர் சொல்வாரு."

அதிகாரியம்மா பேனாவை மூடிவைத்தார். "அப்போ அந்த வட்டாரத்துல காது வெட்டின பொட்டை நாய் எல்லாமே சந்தேகம்தானே? பத்து நாய் வருஷத்துக்கு ரெண்டு தடவை குட்டி போட்டா என்ன ஆகும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

கத்திரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மேடம், நான் வந்தது அந்த ஒரு நாய்க்கு ரெண்டு மாசம் கேட்கத்தான்."

"புரியுது. ஆனா அந்த ஒண்ணுதானே நிச்சயமா ஆபரேஷன் ஆகாத நாய்? அதை விட்டுட்டு மத்ததைப் பிடின்னு நான் எப்படி எழுதறது?"

அந்தப் பேச்சில் பிடித்துக்கொள்ள ஓர் ஓட்டைகூட இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பார்.

ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது. அந்த வட்டாரத்துக் காது வெட்டிய பெட்டைகள் எல்லாம் கூடத்துக்கு. ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க டாக்டரும் இல்லை, நாளும் இல்லை. லைசென்ஸ் உள்ளவர் வந்து கேட்டால் கொடுக்கலாம்; மற்றதுக்கு ஏழு நாள்.

வண்டியோட்டி வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். வழக்கமாக வண்டி நின்றதுமே ஓட்டமும் துரத்தலுமாகத் தெரு அமளிப்படும். அன்று ஒரு நாயும் ஓடவில்லை. படுத்திருந்தவை படுத்தே கிடந்தன. இரண்டு மூன்று எழுந்து, சோம்பல் முறித்து, வாலை ஆட்டிக்கொண்டு கத்திரியின் கால்சட்டையை மோந்து பார்க்க வந்தன.

"என்னண்ணே இது, தானா வருதுங்க" என்றான் வண்டியோட்டி. வலையைச் சுருட்டி வண்டிக்குள்ளே எறிந்தான். "நீங்களே தூக்கிப் போடுங்க. என்னால ஆகாது."

கத்திரிதான் தூக்கிப் போட்டார். வீட்டுப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கி வைத்தார். ஒன்று அவர் முகவாயை நக்கியது. மத்தியானத்துக்குள் நாற்பத்தாறு ஆனது. அவரவர் வாசலில் நின்று ஊரே வேடிக்கை பார்த்தது. யாரிடமும் லைசென்ஸ் இல்லை.

கடைசியாக மாடிப்படி. குட்டிகளை ஒரு கூடையில் எடுத்து வைத்தார். செவலை பல்லைக் காட்டியது. மனைவி பால் கிண்ணத்தோடு நாலாவது படியில் நின்றுகொண்டிருந்தாள். தையல்காரர் மிஷினை நிறுத்தியிருந்தார்.

"உட்காரு" என்றார் கத்திரி.

செவலை உறுமலை விட்டுவிட்டு உட்கார்ந்தது. அவர் சுருக்குக் கயிற்றை, கழுத்தில் முடி தேய்ந்திருந்த அதே வட்டத்தில் மாட்டினார்.

"அதுக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வார்த்தை" என்றாள் மனைவி. பால் கிண்ணத்தைப் படியிலேயே வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

புது லைசென்ஸுக்குச் சான்றிதழ் கிடைக்காது என்பதால், ஏற்கனவே லைசென்ஸும் இன்னொன்றுக்கு இடமும் உள்ள ஆளை ஏழு நாளும் அவர் தேடினார். மச்சினன் வீட்டில் ஏற்கனவே இரண்டு. வண்டியோட்டியிடம் லைசென்ஸும் இல்லை, இருப்பதும் ஒற்றை அறை. தையல்காரர் தானாகவே வந்து, "நான் வேணா புகாரை வாபஸ் வாங்கிக்கட்டுமாண்ணே?" என்றார். வாபஸ் வாங்க அது இனிமேல் அவருடைய புகாராக இல்லை.

எட்டாம் நாள் காலை கால்களைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையில் கூடத்திலேயே பழக்கமான கை ஒன்றுதான். டாக்டர் அவர் முகத்தைப் பார்க்காமலே ஊசி போட்டார், கூடையிலிருந்த ஏழு குட்டிகளுக்கும் சேர்த்து. மற்ற நாய்கள் மேஜையில் நின்றன. செவலை, யாரும் சொல்லாமலே, உட்கார்ந்து காட்டியது.

சாயங்காலம் கத்திரி கையை மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கிளம்பினார். தெருமுனையில் அந்தக் கறுப்பு நாய் நின்றிருந்தது; ஆண் நாய், அதனால் தப்பித்தது. இவரைக் கண்டதும் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு குரைத்தது. அடுத்த தெருவில் இன்னொரு குரல் எழுந்தது. கத்திரி நடையை மெதுவாக்கினார். அவை திட்டி முடிக்கட்டும் என்று நின்று நின்று போனார்.

வீட்டில் விளக்குப் போட்டிருந்தது. அவர் உள்ளே வந்ததும் மனைவி அடுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.