தொட்டுக் கும்பிட்ட கட்டை

அரிமளத்தில் போர்வெல் பைப் விற்கும் எனக்குப் பைப் ஆர்கன் மேல் காதல் வந்து ஆறேழு வருடமாகிறது. பைப் ஒட்டும் வீடியோ ஒன்று முடிந்ததும் போன் தானாகவே அடுத்ததை ஓட்டியது. ஏதோ ஒரு தேசத்துத் தேவாலயம், சுவர் நிறையக் குழல்கள், கீழே ஒருவர் கையாலும் காலாலும் வாசித்துக்கொண்டிருந்தார். கடையில் உட்கார்ந்தபடியே கண் கலங்கிவிட்டேன். எதிரே நின்றவர் என் வீட்டில் துக்கம் என்று நினைத்து, பேரம் பேசாமல் பைப்பை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து திருக்கோகர்ணம் வீட்டில் காலைக் காப்பியோடு ஆர்கன்தான். "கடையிலயும் பைப்பு, வீட்டுலயும் பைப்பா?" என்பாள் என் மனைவி. கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து குரல் வரும்: "நேத்துப் போட்டதைப் போடுங்க."

இரண்டு வருடமாக அவள் அப்படிக் கேட்பதில்லை. முதலில் இடது காது மங்கியது, பிறகு வலது. மெஷின் வைத்தால் பேச்சு புரியும், சங்கீதம் பழையபடி இருக்காது என்றார் சென்னை டாக்டர். எனக்குப் பயம் வந்தால் ஜோக் வரும். டாக்டரிடம் மூன்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மனைவிதான் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

இருக்கிற காதும் போவதற்குள் அவள் ஒரு நிஜ ஆர்கனைக் கேட்டுவிட வேண்டும். மெஷின் வாங்க மறுபடி சென்னை போனபோது, ஒரு பழைய தேவாலயத்தில் கெஞ்சி அனுமதி வாங்கினேன். அங்கே வாசிப்பவர் ஒரு ரிட்டயர்டு டீச்சர்.

வாசலில் செருப்பை விட்டு, ஆர்கன் இருந்த மாடிக்கு ஏறினோம். டீச்சர் தன் பெஞ்சின் ஓரத்திலேயே மனைவியை உட்கார வைத்து, கைகளால் மட்டும் மென்மையாக ஒன்றை வாசித்தார். எனக்குப் புல்லரித்தது. மனைவியோ, பள்ளி ஆண்டு விழாவில் அடுத்த வீட்டுப் பிள்ளை ஆடுவதைப் பார்ப்பவள்போல மரியாதையாகப் புன்னகைத்தாள்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க. தூரத்துல மிக்சி ஓடுற மாதிரி."

என் முகம் போன போக்கைப் பார்த்த டீச்சர் எழுந்துகொண்டார். "நீங்க கொஞ்சம் உட்கார்ந்து பாருங்க சார்."

பெஞ்சில் ஏறும்போது என் வெறுங்கால் கீழே வரிசையாயிருந்த நீளக் கட்டைகளில் ஒன்றை மிதித்தது. கட்டடமே உறுமியது.

வீடியோவில் காலால் வாசிப்பதைப் பார்த்ததெல்லாம் மறந்துபோய், வாத்தியத்தை மிதித்துவிட்டோமே என்றுதான் தோன்றியது. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள் நான். குனிந்து கட்டையைத் தொட்டேன். குனிந்த கனத்தில் கை அழுந்தி, மறுபடி உறுமல். அந்தத் தப்புக்கும் சேர்த்துத் தொடப்போய், பக்கத்துக் கட்டையும் சேர்ந்துகொண்டது. உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். கடையில் இருக்கும் எந்த அளவுப் பைப் இதற்குப் பொருந்தும் என்றுகூட மனசு தேடியது.

"சார், அது காலால வாசிக்கிறதுதான் சார்," என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

நான் கையை எடுத்தேன்.

"ஏன் எடுத்தீங்க? வைங்க," என்றாள் மனைவி. அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் பெஞ்சில் பதிந்திருந்தன. "கால் வழியா ஏறுது. இங்கிட்டு, நெஞ்சுக்குள்ள கேக்குது."

டீச்சர் என்னை நகரச் சொல்லிவிட்டு, அதே பாட்டை இம்முறை கால்களையும் சேர்த்து வாசித்தார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தடவை எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

இப்போது வீட்டில் பீரோ உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. காப்பி நேரத்தில் மெஷினைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரின் மரப்பெட்டி மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறாள்.

"மேல போற சத்தத்தை நீங்க சொல்லுங்க. கீழ வாரதை நான் பாத்துக்கிறேன்."

நான் அவளுடைய இன்னொரு கையில் விரலால் கோடு இழுத்துக் காட்டுகிறேன். ராகம் ஏறினால் முழங்கை வரை, இறங்கினால் மணிக்கட்டு வரை. நடுநடுவே தப்பாகவும் இழுத்துவிடுவேன். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

"இந்த எடத்துல எறங்குமே," என்றாள் நேற்று.