மந்திரிக்கு வந்த இருமல்

வாசகரே, நீங்களே சாட்சியாக இருங்கள். நான் எழுதிய மந்திரிக்கு இருமல் கிடையாது.

அது ராஜா காலத்துச் சித்திரக்கதை. களஞ்சியத்து நெல்லைக் களவாடும் மந்திரி ஒருவன். பதுளைக் கடைவீதியில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் படம் போட, சிறியதோர் அச்சகம் வெளியிட்ட என் முதல் புத்தகம். மேடையில் எதிரணியைத் திணறடித்துப் பழகியிருந்த எனக்கு, படத்து வாய்க்கு மேலுள்ள சின்ன வட்டத்துக்குள் வசனத்தை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. மந்திரியை எவர் சாயலிலும் நான் எழுதவில்லை.

ஆனால் ஒற்றை அறைக் காம்பறாக்கள் வரிசையாக ஒட்டிநிற்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எவரும் தனியே படிப்பதில்லை. ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். பாத்திரத்துக்கொரு குரல் கொடுத்து வாசிப்பவருக்கே மதிப்பு. பக்கத்துக் காம்பறாக்காரர் அதில் வல்லவர். நான் ஒரு விவாத மேடைக்காகப் பண்டாரவளை போயிருந்த நாளில், அவர் என் மந்திரிக்கு எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் குரலைக் கொடுத்துவிட்டார். வசனத்துக்கு வசனம் கணக்கப்பிள்ளையின் வறட்டு இருமலையும் சேர்த்தாராம். லயமே உருண்டு சிரித்ததாம். அன்றிரவே அது கணக்கப்பிள்ளையின் காதுக்கும் போய்விட்டது.

மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் அந்த வரிசையில், அப்பாவின் பெயரைக் கணக்கப்பிள்ளை கூப்பிடவில்லை. "ஒம் மகனக் கூட்டிட்டு வா" என்றார்.

போனேன். பனிக்குள் அத்தனை பேரும் நின்றார்கள். அவர் கையில் என் புத்தகம்.

"பெரிய பேச்சாளராமே! மந்திரி யாருங்க தம்பி? நானா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப நீயே வாசி. ஒருத்தர் சிரிச்சாலும் ஒங்கப்பனுக்குப் பத்துச்சீட்டு கிழிச்சிருவேன்."

பத்துச்சீட்டு கிழிந்தால் வேலை போகும். வேலையோடு காம்பறாவும் போகும். என் பெற்றோருக்கு இந்த மண்ணில் வேறு கூரை இல்லை.

வாசித்தேன். ஏற்றமும் இறக்கமும் எடுப்பும் பயின்ற குரலை, ஒவ்வொரு சொல்லிலும் நானே நெரித்துக்கொண்டு வாசித்தேன். நான்காவது பக்கத்தில் மந்திரி, "களஞ்சியத்தில் எலி புகுந்துவிட்டது, மன்னா" என்று சொல்லி முடித்த கணத்தில், கணக்கப்பிள்ளைக்கு இருமல் வந்தது.

அதே இருமல். அளந்து வைத்ததுபோல், அதே இடத்தில்.

பெண்கள் கம்பளியை வாயில் அடைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் காம்பறாக்காரர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு சத்தம், ஒரே ஒரு சத்தம் எழுந்திருந்தால் அன்றே நாங்கள் தெருவில். எழவில்லை.

கணக்கப்பிள்ளை வாயைத் துடைத்தார். "கடைசியில இவன் என்னா ஆவறான்?"

இன்னும் அச்சேறாத அடுத்த பாகத்தில் மந்திரியை யானை மிதித்துக் கொல்கிறது. ஓவியர் படத்தையும் வரைந்து முடித்திருந்தார். அப்பாவிடமும் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

"திருந்திருவானுங்க ஐயா."

"ம். திருந்தட்டும்."

அதன் பிறகே அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். அப்பா "ஐயா" என்றது அவர் குரலாகவே இல்லை.

மலைக்கு ஏறும் பாதையில் அவரோடு நடந்தேன். ஆட்களை முன்னே போகவிட்டு, தணிந்த குரலில் கேட்டார்: "அப்ப அந்த யானை?"

மேடையில் பேசுவதுபோலவே, மலைக்குக் கேட்கும்படி சொன்னேன்:

"அது கட்டுத்தறியில நிக்கட்டும்ப்பா. இப்போதைக்கு அவன் திருந்தியே இருப்பான். ஒங்களையும் அம்மாவையும் இந்த லயத்த விட்டுப் பதுளைக்குக் கூட்டிட்டுப் போற அன்னைக்கு, யானைய அவுத்து விடுறேன்."