மேட்டுப்பக்கக் கான்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரிக்கு ஒரு இரும்புப் பெட்டி வந்தது. கொழுந்து வாட்டும் மாடியில் சூடு, ஈரம் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். காற்றாடிகளை அதுவே ஓட்டும், அதுவே நிறுத்தும். ஏதாவது பிசகினால் ஃபேக்டரிக் கூரையிலும் துரை பங்களாவிலும் மணி அடிக்கும்.

அதுவரை அந்த மாடியைப் பார்த்துக்கொண்டது என் கணவரும் இன்னும் மூன்று பேரும்தான். ஜன்னல்களைத் திறப்பதும் மூடுவதும் கொழுந்தைக் கையால் அள்ளிப் பார்ப்பதுமாக அவருக்குப் பன்னிரண்டு வருடம் ஓடியிருந்தது. பெட்டி வந்த மாதமே நால்வரையும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட மலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் மணி அடித்தால் அவர்களும் மற்ற ஆண்களும் எங்கிருந்தாலும் ஃபேக்டரிக்கு ஓடி வரவேண்டும் என்று உத்தரவு. வராதவருக்கு அடுத்த நாள் வேலை கிடையாது.

நாங்கள் குடியிருந்த லயம், ஒரே வரிசையாகக் கட்டிய வீடுகள், ஃபேக்டரிக்கு மேலே, மண்மேட்டை ஒட்டி இருந்தது. பின்சுவர் எப்போதும் ஈரம். மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் பின்னால் இருந்த கானில்தான், அந்த வடிகாலில்தான், ஓடவேண்டும். அந்தக் கான் தூர்ந்து கிடப்பதைக் கங்காணியிடம் பலமுறை சொல்லியிருந்தோம்.

அந்த ஐப்பசி மழையில் பசறைக்குப் போகும் பஸ்கூட நின்றுபோனது. மலையில் வேலை இல்லை. மதியத்துக்குப் பிறகு தண்ணீர் சுவரடியில் கசிந்து எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வரத் தொடங்கியது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கானை வெட்டப் போனார். எங்கள் ஒரே மகள், ஏழு வயது, காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தாள்.

பாதி வெட்டியிருப்பார். மணி அடித்தது.

"போகாதீங்க," என்றேன். "தண்ணி உள்ள வருதுங்க."

"போகலன்னா நாளைக்கு பேர் வெட்டிருவாங்க. பாத்துட்டு ஓடியாந்துர்றேன். நீ சாக்க வச்சு அடை."

லயத்து ஆண்கள் பலரும் அவரோடு இறங்கி ஓடினார்கள். சுவரடியை அடைக்க எங்களிடம் ஒரு சாக்குதான் இருந்தது. இன்னொன்று கேட்கக் கடைசிக் காம்பராவுக்குப் போனேன். அந்த அக்கா சாக்கை உதறிக்கொண்டிருந்தபோது காலுக்கடியில் தரை அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் காம்பரா இருந்த இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது.

கத்தினேன். அக்காவும் கத்தினாள். கீழே மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்ததால் எங்கள் சத்தம் யாருக்கும் எட்டவில்லை. பெண்கள் நாங்கள் கையாலும் சட்டியாலும் மண்ணை வாரினோம். மணி நின்ற பிறகுதான் ஆண்கள் மேலே பார்த்தார்கள்.

அவர்தான் அவளைத் தூக்கினார். துணி போர்த்தியபடியே இருந்தாள்.

பின்னால் வந்த, ஃபேக்டரிப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபேக்டரியில் என்ன ஆயிற்று என்று யாரோ கேட்டார்கள். "ஒண்ணுமில்ல. பெட்டிக்குள்ள தண்ணி போயிருக்கு. மாடியில எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார். சொன்ன பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அதே வாரம் கொழும்பிலிருந்து ஆள் வந்து பெட்டிக்குத் தகரக் கூரை போட்டார். எங்கள் மேட்டைப் பார்க்க யாரும் வரவில்லை. அதே லயத்தின் மறுமுனைப் பக்கம் எங்களுக்கு ஒரு காம்பரா கொடுத்தார்கள்.

என் கணவர் என்னிடம் பேசுவதே குறைந்துபோனது. போகாதீங்க என்று அன்று சொன்னதை நான் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அது கேட்டிருக்கவேண்டும்.

என் அண்ணன் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது எங்களையும் கூப்பிட்டார்கள். எங்களுக்கும் பாஸ்போர்ட் வந்திருந்தது. "அவள இங்க விட்டுட்டா?" என்றார் அவர். நாங்கள் போகவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் அவளைப் புதைத்திருந்த புதைகாட்டின் கீழ்ப்பாதியை வெட்டித் தேயிலைக் கன்று நட்டார்கள். அவள் தலைமாட்டில் நாங்கள் வைத்திருந்த கல்லையும் எடுத்துவிட்டார்கள். செடி வளர்ந்ததும் அந்த மலையில் கொழுந்து எடுக்க என்னையும் அனுப்பினார்கள். அவள் எந்த வரிசையில் என்று எனக்குத் தெரியவில்லை.