இழுப்பு என்று தேடினேன்

இன்று காலையில் மகள் ஜெனிக்குச் சளி முற்றி, மூச்சு கீச்சுக்கீச்சென்று இழுத்தது. எங்கள் வீட்டில் அதற்கு இழுப்பு என்றுதான் பெயர்.

புதுப் போன் கையில் இருக்கும்போது அப்பன் சும்மா இருப்பானா? 'இழுப்பு வந்தால் என்ன செய்வது' என்று தட்டினேன். ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னது. வைத்தேன்.

"படுத்தா முட்டுதுப்பா, எழும்பி இருக்கட்டா?" என்றாள்.

"மக்ளே, அப்பா வாசிச்சிட்டுதான் செய்யுதேன்."

அடுக்களையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். "பத்தாங்கிளாஸ் டாக்டரே, பிள்ளைய நிமித்தி உக்கார வச்சு ஆட்டோவக் கூப்பிடுங்க!"

ஆட்டோவில் நான் "வேகமா, வேகமா" என்று டிரைவரை விரட்டிக்கொண்டே வர, அந்த இழுப்பிலும் ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பூதப்பாண்டி ஆஸ்பத்திரியில் டாக்டர் உடனே மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடிக்க வைத்தார். இரைச்சல் அடங்கிய பிறகு என் போனை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இது வலிப்புக்கு உள்ளதாக்கும். இத எழுதினவங்க ஊருல அதுதான் இழுப்பு. வாசிங்க, வேண்டாங்கல்ல. மூச்சு முட்டும்போ வாசிச்சிட்டு நிக்காண்டாம், பிள்ளையத் தூக்கிட்டு வாங்க. வாசிச்சதப் பொறவு எங்கிட்ட கேளுங்க."

ஜெனி மாஸ்க்கை விலக்கி, "ப்பா, இனி நீங்க மூச்சு விடுங்க" என்றாள். அதுவரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கே தெரியவில்லை.

இப்போது கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறாள். மூச்சில் சத்தமே இல்லை.

சரி, உங்கள் ஊரில் இழுப்பு என்றால் எது? கீழே சொல்லுங்கள். வைத்தியம் மட்டும் யாரும் எழுத வேண்டாம், நான் செய்து பார்த்துவிடுவேன்.