அணுகுண்டு நாடகத்தில் என் கப்பு

2005 ஆகஸ்ட் ஆறு. மாலை ஐந்தரை மணி. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு எதிரே நடித்தவர்கள் ஐந்து பேர், பார்த்தவர்கள் முப்பது பேர்.

டீசல் புகை, பஜ்ஜி வாசனை, கரகரக்கும் மைக்...

செராமிக் டிப்ளமோ கடைசி வருஷம். ஹிரோஷிமா நாளுக்குத் தெரு நாடகம். பிள்ளையை இழந்த தாய் வேஷம் கேட்டேன். கிடைத்தது என் வகுப்புக் குமாருக்கு.

"உனக்கு அழ வராது மச்சான். நீ விஞ்ஞானியா நில்லு" என்றான் அவன்.

கடுப்பு. சரி, விஞ்ஞானியாகவே காட்டுகிறேன் என்று, ஒரு செம்மண் கப்பை, அதிகச் சூட்டில் சுடும் ஸ்டோன்வேர் சூளையில் வேண்டுமென்றே வைத்தேன். அந்தச் சூட்டைச் செம்மண் தாங்காது. உருகி, கொப்பளித்து, வாய் மூடிச் சரிந்து வந்தது. அருமையான சாம்பிள்!

அதைத் தூக்கிப் பிடித்து, "குண்டு விழுந்த ஊரில் கூரை ஓடே இப்படித்தான் கொப்பளித்தது. ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல்..." என்று ஆரம்பித்தேன்.

"செகண்ட்ஸா தம்பி? இன்னா வெல?" என்றார் முன்னால் நின்றவர்.

ஒரே சிரிப்பு. பழுதான பீங்கானை மலிவாக விற்கும் எங்கள் ஊரில் கையில் கப்போடு நின்றால் வேறென்ன கேட்பார்கள்... திட்டக்குடி பஸ் வந்தது. கூட்டம் கலையத் தொடங்கியது.

குமார் என் கையிலிருந்து கப்பைப் பிடுங்கினான். மூடிய வாய்க்குள் விரலை நுழைக்கப் பார்த்தான். நுழையவில்லை.

"காலைல இதுலதாங்க எம்புள்ளைக்குப் பாலு ஆத்திக் குடுத்தேன்... வூடும் இல்ல, புள்ளயும் இல்ல. இது மட்டும் கெடக்குது."

ஸ்கிரிப்டில் இல்லாத வசனம்.

விலை கேட்டவர் துண்டால் மூக்கைத் துடைத்தார். பஸ் ஏறப்போன அம்மா படியிலேயே நின்றார். கண்டக்டர் விசில் அடிக்கவில்லை.

என் கப்பு. என் சூளை. கைதட்டல் அவனுக்கு!

"உன் கப்புதான்டா காப்பாத்துச்சு" என்று ஓடி வந்தான். "போடா" என்றேன். கப்பை அவனே வைத்துக்கொண்டான்.

இப்போது நான் டைல்ஸ் கம்பெனியில். கொப்பளித்த டைல் வந்தால் ரிஜெக்ட் என்று தள்ளுவது என் வேலை. ஒவ்வொரு தடவையும் காதில் கேட்பது அவன் வசனம்தான். என் டிகிரி கணக்கு இல்லை. அவன் சென்னையில் அதே நாடகத்தை அரங்கத்தில் போடுகிறான். நேற்று போஸ்டர் அனுப்பினான். நடுவில், பெரிதாக, என் கப்பு.

இனி செய்யப்போவது:

1. ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் போவது.
2. முன்வரிசையில் உட்காருவது. கைதட்டக் கூடாது.
3. கப்பைத் திருப்பிக் கேட்பது.
4. கொடுத்துவிட்டான் என்றால் நாடகம் நின்றுவிடும். அதனால் அதே மாதிரி இன்னொன்று சுட்டு, கையோடு கொண்டுபோவது.