துடக்கோடு எழுதிய பரீட்சை

"உவள் பரீட்சை வரைக்கும் போகமாட்டாள். அதுக்கு முன்னம் பெரியபிள்ளையாகி மூலைக்குள்ளை இருந்திடுவாள், பாருங்கோவன்."

பெரியப்பா இதைச் சொன்னபோது நான் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். கரையோர மீன்பிடிக் கொட்டிலான வாடிக்கு வெளியே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஆண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சிலர் சிரித்தார்கள். அப்பா தலை நிமிராமல் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் ஒருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் எதைக் காட்டிப் பதில் சொல்வார்?

பெரியப்பா சொன்னது ஏறக்குறைய நடந்தும்விட்டது. என்னோடு படித்த பிள்ளைகள் எல்லாம் இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்பே பெரியபிள்ளையாகியிருந்தார்கள். எனக்குப் பிந்தியது. பிந்தியது பிந்தியதாகவே இருந்திருக்கலாம். பத்தாம் வகுப்பு முடிவில் வரும் ஜி.சி.ஈ. பரீட்சை தொடங்குவதற்கு முதல் நாள் பின்னேரம், கிணற்றடியில் நின்றபோது எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊரில் பெரியபிள்ளையானவள் நீராட்டுச் சடங்கு முடியும்வரை வீட்டு மூலையை விட்டு வெளியே வரக்கூடாது. அதைவிடப் பெரிய தடை கடற்கரையில் இருந்தது. துடக்குக்காரி, அதாவது தீட்டுள்ளவள், வள்ளத்துக்கு முன்னால் போனால் அன்று கடல் கைவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில். ஊரின் பின்பக்கத்துத் தரவை வெளி மாரி வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. மிஞ்சியது வள்ளங்கள் இழுத்து வைத்திருந்த கரைதான்.

அம்மா எனக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு அழுதார். விளக்கு வைக்கும் நேரம் பெரியப்பா வந்தார். நான் மூலையில் சேலை மறைப்புக்குப் பின்னால் இருந்தேன்.

"அண்ணை, அவள் எழுதட்டும்," என்றார் அப்பா.

"எழுதி?"

"எழுதினால்தானே தெரியும்."

"உன்ரை மோள் எழுத ஊர் பட்டினி கிடக்கிறதோ? போன மாரி என்ரை வள்ளம் பிரண்டதை மறந்திட்டியோ?"

அவருடைய பயம் பொய்யில்லை. அந்த வள்ளத்தில் போன ஒருவர் திரும்பவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் கட்டியபோது மணல் சுமந்தவர்களில் பெரியப்பாவும் ஒருவர் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா கெஞ்சவில்லை, எழும்பவுமில்லை. கடைசியில் பெரியப்பாவே ஒரு வழி சொன்னார்.

"கடைசி வள்ளம் இறங்கினாப் பிறகு போகட்டும். அதுவரைக்கும் வாடிக்குப் பின்னாலை நிக்கவேணும். துடக்கு வீட்டுக்காரன் நீ, நீயும் வள்ளத்தைத் தொடாதை."

வள்ளம் தொடாதவருக்கு மீனில் பங்கு இல்லை. அப்பா ஓம் என்றார்.

காத்துக் கறுப்பு அண்டாமலிருக்க, அம்மா என் கைலேஞ்சியில், அந்தச் சின்னக் கைக்குட்டையில், ஓர் இரும்பாணியையும் வேப்பிலையையும் முடிந்து தந்தார். முதல் இரண்டு நாளும் நானும் அப்பாவும் வாடிக்குப் பின்னால் நின்றோம். வள்ளங்கள் இறங்கின, நான் போய் எழுதினேன், வள்ளங்கள் மீனோடு திரும்பின.

மூன்றாம் நாள் கணிதம். வாடைக்காற்று கடுமையாக வீசியது. ஆண்கள் அலையைப் பார்த்தபடி நின்றார்கள். மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பெரியப்பாவின் வள்ளம் மட்டும் மணலில் கிடந்தது. அவர் ஒரு கயிற்றை அவிழ்த்துக் கட்டினார், திரும்பவும் அவிழ்த்தார். மணலுக்கு மேலால் பள்ளிக்கூடத்து முதல் மணி கேட்டது.

"அப்பா."

"பொறு பிள்ளை. இப்ப இறங்கிடுவினம்."

பெரியப்பா திரும்பி வாடியைப் பார்த்தார். நாங்கள் நிற்பது அவருக்குத் தெரியும். மணி அடித்ததும் தெரியும். மறுபடியும் கயிற்றில் கை வைத்தார்.

நான் நடக்கத் தொடங்கினேன்.

"எடி, நில்லடி," என்று யாரோ கத்தினார்கள். அப்பா ஒருமுறை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு வேகமாக வந்து, என்னைத் தாண்டி, எனக்கு முன்னால் நடந்தார். பெரியப்பாவின் வள்ளத்துக்கும் கடலுக்கும் நடுவால் இருவரும் போனோம். ஈர மணலில் கால் புதைந்தது. பெரியப்பா வள்ளக் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

மண்டபத்துக்குள் போனபோது வினாத்தாள் கொடுத்து முடிந்திருந்தது. மேற்பார்வையாளர் வெளியூர்க்காரர். அவசரத்தில் மேசையில் நான் வைத்த கைலேஞ்சி முடிச்சைக் கண்டதும், களவாகக் கொண்டுவந்த குறிப்பென்று நினைத்து அவருடைய முகம் மாறியது.

"என்ன உது? அவிழ்த்துக் காட்டும்."

பொடியன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவிழ்த்தேன். "ஆணி, சேர். வேப்பிலை." அவர் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். "எழுதும் பிள்ளை," என்று சொல்லிவிட்டு அப்பால் போனார். முதல் கணக்கை இரண்டு முறை வெட்டி எழுதினேன். இரண்டாவதை ஒரே மூச்சில் முடித்தேன்.

பின்னேரம் பெரியப்பாவின் வள்ளம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. போன வள்ளங்களும் வெறுமனே திரும்பியிருந்தன. எங்கள் வேலிப் படலையில் கூட்டம்.

"இன்னும் ரண்டு நாள் சோதினை எழுதுவாளாம். அந்த ரண்டு நாளும் எங்கடை பிள்ளையள் என்னத்தைத் தின்னுறது?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அம்மா அதுவரை ஆண்கள் கூடிய இடத்தில் வாய் திறந்ததில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "நேற்றும் முந்தநாளும் மீன் பட்டதுதானே அக்கா? அதுக்கு இவளுக்கு ஆரும் ஒரு பங்கு தந்தனீங்களோ?"

பின்னால் நின்ற ஒரு கிழவர் சிரித்துவிட்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. ஆனால் முதலில் திரும்பிப் போனவர் அவர்தான்.

அடுத்த நாள் நாங்கள் போனபோது கரையில் ஒரு வள்ளமும் இல்லை. இழுத்த தடங்கள் மட்டும் கிடந்தன. இருட்டோடு இறங்கிவிட்டார்கள். எனக்கு வழி விட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். என் முகத்தில் முழிக்காமல் போனார்கள் என்பதே உண்மை. எப்படியானாலும் பாதை எனக்கு இருந்தது. மீதிப் பாடங்களையும் எழுதினேன்.

பரீட்சைப் பெறுபேறு வந்து சில நாட்களில் பெரியப்பா வீட்டுக்கு வந்தார். நீராட்டுச் சடங்கில்கூட என்னோடு கதைக்காதவர், அன்றும் அப்பாவிடம்தான் சொன்னார்.

"கணக்குக்கும் திறமைச் சித்தி எண்டு நல்லாப் பாஸாமே. சரி, இனிப் படிச்சது போதும். எனக்குத் தெரிஞ்ச இடத்திலை ஒரு நல்ல பொடியன் இருக்கிறான்."

அப்பா என்னைப் பார்த்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. பட்டணத்துக்குத்தான் போக வேண்டும்.

"நேற்று அம்மாவோடை பட்டணத்துக்குப் போய், மேல்வகுப்புக்குப் பேர் பதிஞ்சிட்டன், பெரியப்பா," என்றேன். "திங்கட்கிழமை தொடங்குது."